பதிவு மாதம்

கெட்ட செய்தியைக் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது பெலிக்ஸின் கொள்கை. இழுத்தடித்தால் எதிரில் இருப்பவர்கள் நம் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் நாம் சொல்வதற்கு மதிப்பே இருக்காது. ஆண்களுக்கு ஆண் துணை தேடித் தரும் தொழிலில் அவர் தலை நரைத்தவர். திருச்சி தில்லை நகரில் ‘நெடுந்துணை’ மையத்தின் மூத்த தரகர். யாராவது மரியாதையாக ஆலோசகர் என்று அழைத்தால், “தரகர்னே சொல்லுங்க, அதுல என்ன கேவலம்?” என்பார்.

அன்று காலை அதியனும் இன்பாவும் வந்திருந்தார்கள். காப்பி வந்தது. இன்பா ஒரு வாய் குடிப்பதற்குள் பெலிக்ஸ் சொல்லிவிட்டார்.

“மூணு வருஷம்தான் காட்டுது, தம்பி.”

இன்பா சிரித்தே விட்டான். “அண்ணே, நாங்க ஒண்ணா இருக்க ஆரம்பிச்சே நாலு வருஷம் ஆச்சு. உங்க மெஷினுக்குக் கணக்கு வராதா?”

“கல்யாணத்துக்கு அப்புறம் மூணு வருஷம்.”

“கல்யாணம் ஆனா மட்டும் எங்களுக்குக் கொம்பு முளைச்சிருமா?”

அதியன் சிரிக்கவில்லை. வழக்கமாக இந்த இருவரில் வாய் ஓயாதவன் அவன்தான். மின்சாரப் பேருந்துப் பணிமனையில் பொறியாளர். ஒருமுறை கே.கே. நகரில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, மீன் வறுத்துக்கொண்டே எதிர்வீட்டுக்காரர் முதல் மேலதிகாரி வரை எல்லோரையும் மாதிரி பேசிக் காட்டி, பெலிக்ஸைப் புரையேற வைத்தவன். உறையூரில் இயன்முறை மருத்துவராக இருக்கும் இன்பா, “இவன் கொஞ்சம் வாயை மூடினா நான் நாலு வார்த்தை பேசுவேண்ணே” என்று அலுத்துக்கொண்டான். அந்த அலுப்பில் எவ்வளவு பெருமை என்று பெலிக்ஸுக்குத் தெரியும்.

இப்போது அதியன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். “யாரு போனது?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது. மையத்தோட விதி.”

“அண்ணே.”

அந்தக் குரலில் பெலிக்ஸ் இளகிவிட்டார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு. “இன்பாவோட நகல்தான். பெரிய சண்டை ஒண்ணும் இல்ல. பேச்சு குறைஞ்சுகிட்டே வந்திருக்கு. ஒருநாள் கிளம்பிப் போயிருச்சு.”

அதியன் திரும்பி இன்பாவைப் பார்த்தான். ஏதோ நேற்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டவனைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. இன்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

நகல் என்பது இதுதான். துணை தேடி வருபவர் ஒவ்வொருவரும் ஒரு மாதம் காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொட்டை ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பேச்சு, மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, யாரைக் கண்டால் குரல் தணிகிறது, எதைக் கேட்டால் உடம்பு விறைக்கிறது என்று எல்லாவற்றையும் அது உறிஞ்சிக்கொள்ளும். மாதம் முடிந்ததும் மையத்தின் கணினிப் பொறுப்பாளர் பானு அதிலிருந்து ஒரு ஆளைச் செய்வாள். அப்படிச் செய்த இரண்டு நகல்களைக் கணினிக்குள் ஒரு வீட்டில் குடிவைத்துக் காலத்தை விரட்டினால், பானு மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அவை வாழ்ந்து, சலித்து, கிழடாகி, ஒன்று சாகும்வரை சேர்ந்திருக்கும். அல்லது நடுவில் பிரிந்துவிடும். எத்தனை வருடம் தாக்குப்பிடித்தனவோ அதற்கு ஆயுள் என்று பெயர். வீட்டை வாடகைக்கு விடுபவர்கள்கூட ஆயுளைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பத்துக்குக் கீழே இருந்தால் வீடு கிடைப்பது குதிரைக்கொம்புதான்.

பெலிக்ஸ் இதை வெறும் பிழைப்பாகச் செய்யவில்லை. மனதார நம்பினார். ஆணும் ஆணும் மணந்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்து வெகு காலம் ஆகியிருந்தது. சட்டம் கொடுத்ததைச் சொந்தக்காரர்கள் கொடுக்கவில்லை. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் முறைத்துக்கொண்டால் பஞ்சாயத்துப் பேச மாமன், மச்சான், சித்தப்பா என்று படை திரண்டு வரும். இரண்டு ஆண்கள் முறைத்துக்கொண்டால், விட்டது சனி என்று மூச்சு விடுவதற்குத்தான் ஆள் இருந்தது. பெலிக்ஸின் சொந்தக் கதையும் அதுவே. டேனியல் என்று ஒருவன் இருந்தான். அற்பக் காரணத்துக்காக அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது, தடுப்பதற்கு வீட்டில் பெலிக்ஸைத் தவிர வேறு யாரும் இல்லை. பெலிக்ஸுக்கு அப்போது ரோஷம் வந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் தனியாள்தான். யார் யாரை விட்டுப் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு இயந்திரம் வந்தபோது, அதைக் கும்பிடாத குறையாக ஏற்றுக்கொண்டார்.

பதிவு மாதத்தைப் பெற்றோர் வீட்டில்தான் கழிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அவர் மூளையில் உதித்ததுதான். மையத்தின் முதலாளி முதலில் தயங்கினார். பெலிக்ஸ்தான் வாதாடினார். கல்யாணத்துக்கு முன்னால் பையன் ஒரு மாதம் பிறந்த வீட்டில் இருக்கட்டும். அம்மா கையால் சாப்பிடட்டும். நடப்பதில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பெற்றவர்களுக்குத் தோன்றும். அது பலித்தது. வருடக்கணக்கில் வாசப்படி மிதிக்காத மகன்கள் பையோடு வீட்டுக்குப் போனார்கள். தெருவில் தலைகுனிந்து நடந்த அப்பாக்கள், “பையன் பதிவுக்கு வந்திருக்கான்” என்று டீக்கடையில் சொன்னார்கள். மகனைக் கண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுத தாய்மார்கள் எத்தனையோ பேரை பெலிக்ஸ் பார்த்துவிட்டார். பானு மட்டும் ஒருமுறை கேட்டாள், அந்த வீட்டில் அவர்கள் இயல்பாக இருப்பார்களா என்று. “பெத்த வீட்டுல இல்லாம வேற எங்கம்மா இயல்பா இருப்பான்?” என்று பெலிக்ஸ் அவள் வாயை அடைத்தார். அவருக்கே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்திருக்க வேண்டும். அழும் தாய்மார்களைப் பார்த்துப் பார்த்துத் தெரியாமல் போய்விட்டது.

அதியனின் கல்யாணத்துக்கும் இதே நிபந்தனைதான். லால்குடியில் இருந்த அவன் பெற்றோர், ஆயுள் நன்றாக வந்தால் தாங்களே முன்னால் நின்று நடத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. தாய் தகப்பன் இல்லாத அவன், புதுக்கோட்டையில் தன்னை வளர்த்த அக்கா வீட்டில் அந்த ஒரு மாதத்தைக் கழித்துவிட்டு வந்தான். அதியனுக்கு அப்பா அம்மா மேடையில் நிற்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசைக்காகத்தான் இன்பாவும் பொட்டு ஒட்டினான்.

இரண்டு மாதம் கழித்து இன்பா தனியாக வந்தான். இளைத்திருந்தான். காப்பி வேண்டாம் என்றான்.

“அண்ணே, என்னால முடியல. நான் காய்கறி வாங்கக் கிளம்பினாக்கூட வாசல்ல வந்து நிக்கிறான். கிளினிக்ல லேட் ஆனா ஒண்ணும் கேக்கிறதில்ல, சும்மா பாக்கிறான். கத்துவான்ல, அதுகூட இப்போ கிடையாது. நான் ஏதாவது சொன்னா, ‘சரி’ங்கிறான். எதுக்கெடுத்தாலும் சரி. நான் போயிருவேன்னு பயந்துகிட்டு, நான் போறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் அவனே செய்யிறான்.”

“பேசிப் பாரேன்.”

“பேசாம இருப்பேனா? அது ஒரு கம்ப்யூட்டர் பொம்மைடா, நான் இங்க இருக்கேன்டான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ‘பொம்மை பொய் சொல்லாதுல்ல’ங்கிறான்.” இன்பாவின் கண் நிறைந்தது. அதை மறைக்க அவன் முயலவில்லை. “உங்க மேல எனக்குக் கோவம் இல்லண்ணே. ஆனா அன்னிக்கு யாரு போனதுன்னு நீங்க சொல்லியிருக்க வேண்டாம்.”

பெலிக்ஸ் எழுந்து வந்து அவன் தோளில் கைவைத்தார்.

அடுத்த மாதமே அவர்கள் பிரிந்துவிட்டார்கள். கிளம்பிப் போனது இன்பாதான். ஆக, இயந்திரம் சொன்னது அப்படியே நடந்தது. கல்யாணம் வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மையத்தில் ஒருவர் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பெலிக்ஸ் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு அதியன் வந்தான். வேறு துணை பார்க்கச் சொன்னான். குரலில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. “நிலைக்கிற மாதிரி பாருங்கண்ணே. மத்தது எதுவும் முக்கியமில்ல.”

“கொஞ்ச நாள் போகட்டும், தம்பி.”

“அம்மா கேட்டுகிட்டே இருக்காங்க. முதல்முறையா என் கல்யாணத்தப் பத்தி அவங்களா கேக்கிறாங்க. அந்த நகல்தான் இருக்கே, அதையே போட்டுப் பாருங்க.”

பானு போட்டுப் பார்த்தாள். பத்துப் பதினைந்து பேரோடு சுமாராக வந்தது. கும்பகோணத்தில் ஒரு பையன், பெயர் முகுந்த், கல்லூரி நூலகர், அமைதியானவன், பெற்றோருக்கு அடங்கிய பிள்ளை. அவன் நகலோடு சேர்த்து ஓட்டியபோது திரையில் வந்த எண்ணைப் பானு இரண்டு முறை சரிபார்த்தாள். நாற்பத்தொன்று. மையம் தொடங்கியதிலிருந்து அப்படியொரு ஆயுள் வந்ததில்லை. ஒரு சண்டை கிடையாது. ஒரு நாள்கூட குரல் உயரவில்லை. கடைசியில் ஒரு நகல் முதுமையில் இறந்துபோக, மற்றது ஈமக்கடனை ஒழுங்காகச் செய்து முடித்தது.

இரண்டு வீட்டிலும் கொண்டாட்டம். நிச்சயதார்த்தம் லால்குடியில், அதியனின் வீட்டில் நடந்தது. வாசலில் செருப்பு நிறைந்து கிடந்தது. எத்தனையோ வருடமாக இந்த வீட்டுப் பக்கம் வராத சொந்தங்கள்கூட, நாற்பத்தொன்று என்ற பேச்சைக் கேட்டு வேடிக்கை பார்க்கவாவது வந்திருந்தன. அதியனும் முகுந்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்கள். இருவரும் கையை மடியில் ஒரே மாதிரி வைத்திருந்தார்கள்.

தண்ணீர் கேட்டு உள்ளே போன பெலிக்ஸை அதியனின் அம்மா பிரேமலதா விடவில்லை. அடுப்படியில் கேசரியைத் தட்டில் வைத்து நீட்டினார்.

“சார், உங்களுக்கு நான் கோயில்தான் கட்டணும். அந்த ஒரு மாசம் புள்ளைய வீட்டுக்கு அனுப்பினீங்க பாருங்க, அதை மறக்கவே மாட்டேன்.”

“அவன் உங்க புள்ளதானேம்மா.”

“புள்ளதான். ஆனா எப்படிப்பட்ட புள்ள! அந்த ஒரு மாசம் அவன் இருந்த இடம் தெரியல சார். சத்தமா ஒரு வார்த்த இல்ல. போட்டத சாப்பிட்டான். அவங்கப்பா வந்தா எழுந்து நிப்பான். சின்னப் புள்ளையில அப்படியா இருந்தான்? ஒரே ஆட்டம், பாட்டு, எல்லாரையும் மாதிரி பேசிக் காட்டுறது. பொம்பளப் புள்ள மாதிரி இளிக்கிறியான்னு அவங்கப்பா ஒரு நாள் பெல்ட்ட எடுத்தாரு. அதோட சரி சார். மறுநாள்லேர்ந்து அந்தச் சிரிப்பு இந்த வீட்டுக்குள்ள கேட்டதில்ல. இப்பவும் பாருங்க, இந்த வாசப்படிய மிதிச்சான்னா பேச்சே மாறிடும். அவ்ளோ அடக்கம்.”

அந்த அம்மாள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். தூசி விழுந்த மாதிரி கண்ணை மட்டும் முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

பெலிக்ஸ் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். அடுப்படி வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தார். மீன் வறுத்துக்கொண்டே ஊரையெல்லாம் கேலி செய்தவன் அங்கே இல்லை. பொட்டு ஒட்டியிருந்த மாதம் முழுக்க இங்கே இருந்தவன் இவன். இவனைத்தான் கணினிக்குள் இன்பாவோடு குடிவைத்திருக்கிறார்கள். பேசாத, சிரிக்காத, எதற்கும் சரி என்கிற இவனோடு மூன்று வருடம் இருந்து பார்த்துவிட்டுத்தான் இன்பாவின் நகல் வெளியே போயிருக்கிறது. அது இவ்வளவு காலம் பொறுத்ததே பெரிது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பானுவைப் பிடித்து, பிரேமலதா சொன்னதையெல்லாம் சொன்னார்.

“ஏம்மா, ஒருத்தன் நடிக்கிறான்னு அந்தப் பொட்டுக்குத் தெரியாதா? பொய் சொன்னா நெஞ்சு படபடக்கும்ல?”

“புதுசா நடிக்கிறவங்களுக்குப் படபடக்கும். அதைப் பொட்டு பிடிச்சிரும்.” பானு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். “சின்ன வயசுலேர்ந்து நடிக்கிறவருக்கு எதுக்குண்ணே படபடக்கணும்? அது அவருக்குக் கைவந்த கலை. அவர் அந்த வீட்டுல நெஞ்சு துடிக்காம இருக்கிற ஒரே வழி அதுதான். பொட்டு என்ன நினைக்கும்? இவர் இப்படித்தான்னு நினைக்கும்.”

“அப்போ மத்த ஜோடியெல்லாம்?”

பானு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நானே இதை யோசிச்சிருக்கேண்ணே. நம்மகிட்ட நல்ல ஆயுள் வர்றது எல்லாம் யாருக்குன்னு பாருங்க. ரெண்டு பேருமே வீட்டுக்கு அடங்கினவங்களா இருப்பாங்க. எதையும் கேக்காத ரெண்டு பேரைச் சேர்த்து வெச்சா ஏன் பிரியப்போறாங்க? ஒருத்தர் வீட்டுல நல்லா நடத்தி, ஒருத்தர் வீட்டுல மிரட்டி வெச்சிருந்தாங்கன்னா, அங்கதான் ஆயுள் குறையுது. இன்பா மாதிரி ஆளுங்களுக்கு.”

“அவன் அக்கா வீட்டுல அவன் அவனாவே இருந்திருக்கான்.”

“அதான் அவருக்கு வந்த வினை.”

பெலிக்ஸுக்குத் தான் சேர்த்துவைத்த ஜோடிகள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். வருடா வருடம் போய்ப் பார்ப்பார். “எப்படிப்பா போகுது?” என்று கேட்டால், “நல்லா போகுதுண்ணே, ஒரு பிரச்சினையும் இல்ல” என்பார்கள். எல்லோருமே அதே வார்த்தைகளைத்தான் சொல்வார்கள். அந்த வீடுகளில் தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதை அவர் நிம்மதி என்று எடுத்துக்கொண்டார்.

“அதியனுக்குப் பதிவ திரும்ப எடுக்கலாமா? அவன் பாட்டுக்கு அவன் வீட்டுல இருக்கிறப்போ?”

“எடுக்கலாம். ஆனா ஏன் எடுத்தோம்னு எழுதணும். எழுதினா இதுவரைக்கும் சேர்த்து வெச்ச அத்தன பேருக்கும் பதில் சொல்லணும். முதலாளி அன்னிக்கே கதவ இழுத்துச் சாத்திருவாரு. நீங்களும் நானும் தெருவுல நிப்போம், அதுகூடப் பரவால்ல. அந்த ஜோடிங்க எங்க நிப்பாங்க?”

“நான் அதியன்கிட்ட மட்டும் சொல்றேன். வாயால.”

பானு தலையாட்டினாள். “சொல்லுங்க. அது ஒண்ணாவது சரியா நடக்கட்டும்.”

பணிமனையில் மதிய இடைவேளை. வரிசையாகப் பேருந்துகள் மின்னேற்றிக்கொண்டு நின்றன. அதியன் மாடிப்படிக்கு அடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தான். பெலிக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பொட்டு, அம்மாவின் பேச்சு, பானு சொன்னது, எதையும் விடவில்லை. கடைசியில், “இன்பா உன்னை விட்டுப் போகல, தம்பி. லால்குடி அதியனைத்தான் விட்டுட்டுப் போனான். இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. நான் அவன்கிட்ட பேசுறேன். முகுந்த் வீட்டுக்கும் நானே பதில் சொல்லிக்கிறேன்” என்றார்.

இந்த இடத்தில் அவன் அழுவான் என்று பெலிக்ஸ் எதிர்பார்த்திருந்தார். அடிக்க வருவான் என்றுகூட நினைத்திருந்தார். அவன் எலுமிச்சைச் சோற்றை இன்னொரு வாய் எடுத்தான்.

“எனக்குத் தெரியும்ணே.”

“என்ன தெரியும்?”

“நான் அந்த வீட்டுல எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியாதா? ரிசல்ட் வந்து ரெண்டாவது நாளே புரிஞ்சுபோச்சு. அந்த ஆளோட யாரு இருப்பா, நானே இருக்க மாட்டேன்.”

“அப்போ ஏன்டா? ஏன் அவன்கிட்ட சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பயம் உள்ள போயிருச்சு. பொம்மை போனது சும்மா. சரி. ஆனா இன்பா போக முடியும்ங்கிறது சும்மா இல்லையே? அதுவரைக்கும் எனக்கு அது தோணவே இல்லண்ணே. சத்தியமா தோணல. அவன் போயிட்டா நான் என்ன ஆவேன்னு ஒருநாள் யோசிச்சேன். மூச்சு நின்னுபோச்சு.” அவன் பாக்ஸை மூடினான். “முகுந்த் நல்ல பையன். நாளைக்கு அவன் போறேன்னு சொன்னா, நான் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்து தூங்கிருவேன். எனக்கு இது போதும்.”

“இது ஒரு வாழ்க்கையாடா?”

“அம்மா தினமும் போன் பண்றாங்கண்ணே. அப்பா என் தோள்ல கைபோட்டு போட்டோ எடுத்தாரு. அவங்க வீட்டுக்குள்ள விட்டது லால்குடி அதியனைத்தான். அவனுக்குத்தான் நாற்பத்தொரு வருஷம் வந்திருக்கு. இன்னொருத்தனுக்கு என்ன வந்துச்சு?”

மணி அடித்தது. அதியன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“இன்பாகிட்ட சொல்லிராதீங்க. சொன்னா வந்து நிப்பான். எனக்கு அவன முகத்தப் பார்த்து மாட்டேன்னு சொல்ல வராது. தயவு பண்ணி விட்டுருங்க.” சொல்லிவிட்டு, படிக்கட்டில் ஏறிப் போனான். மேலே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “சரி” என்று பதில் சொன்னான்.

அந்த வாரம் முழுக்க பெலிக்ஸ் கைபேசியை எடுத்து எடுத்து வைத்தார். இன்பாவின் எண் கண்முன்னே இருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதியனின் விருப்பத்துக்கு மரியாதை கொடுப்பதாகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்கும் பயம்தான். இன்பா கேட்கக்கூடிய முதல் கேள்வி, இது எத்தனை பேருக்கு நடந்தது என்பதாக இருக்கும்.

கல்யாணம் திருச்சியில், ஒரு பெரிய மண்டபத்தில். நாதஸ்வரம், தட்டுவரிசை, பந்தி என்று ஒரு குறையும் இல்லை. பெற்றவர்கள் இரண்டு பக்கமும் முன்னால் நின்றார்கள். மாலை மாற்றுவதற்கு முன் தரகர் மேடையேறி ஆயுளைச் சொல்வது இப்போதெல்லாம் ஒரு சடங்காகிவிட்டது. அதற்காக பெலிக்ஸுக்குப் பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

அவர் மேடைப் பக்கம் போகும்போது, மணமகன் அறையிலிருந்து முகுந்த் தலையை நீட்டினான். “சார், ஒரு நிமிஷம்.” உள்ளே இருந்த ஒப்பனைக்காரரையும் தம்பியையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை. முகத்தில் இருந்தது பயம் இல்லை. பெலிக்ஸ் அவனை இவ்வளவு உயிரோட்டமாகப் பார்த்ததே இல்லை.

“சார், இதச் சொல்லாம மேடையேறினா எனக்கு மனசு கேக்காது. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பதிவு மாசத்துல நான் நானா இல்ல. எங்க வீட்டுல நான் எப்பவுமே அப்படித்தான். எதுவும் பேச மாட்டேன். அது நான் இல்ல சார்.”

பெலிக்ஸ் சுவரில் கையூன்றிக்கொண்டார்.

“பயந்துட்டீங்களா? ஆயுள் ஒண்ணும் குறையாது சார், கூடத்தான் செய்யும்.” முகுந்த் சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்தது. “எனக்குப் பேசப் பிடிக்கும் சார். சண்டை போடணும், சமாதானம் ஆகணும், ஊர் ஊராப் போகணும். இத்தன வருஷம் அடக்கி அடக்கி வெச்சிருக்கேன். நாளைக்கு எங்க வீட்டுக் கதவ நாங்களே பூட்டிக்கிட்டு உக்காந்தப்புறம் யாரு இருக்கா கேக்க? அதியனும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது. அவரும் அவங்க வீட்டுக்காகத்தான் இப்படி இருக்காரு, இல்ல சார்? உள்ளுக்குள்ள வேற ஆள்தானே? நீங்க அவரை முன்னாடியே பார்த்திருக்கீங்க. சொல்லுங்க சார்.”

வெளியே யாரோ கதவைத் தட்டி, முகூர்த்தம் நெருங்குகிறது என்றார்கள்.

சொல்லியிருக்க வேண்டும். ஓடிப் போய்விடு என்று சொல்லியிருக்க வேண்டும். உன்னோடு வாழ வருகிறவன் வேறு ஆள் இல்லை, அந்த வேறு ஆளைத் தன் கையாலேயே புதைத்துவிட்டு வருகிறான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வெளியே நிற்கும் இரண்டு குடும்பமும் மறுபடி கதவைச் சாத்திக்கொள்ளும்; இந்தப் பையன் மறுபடி வாய்திறக்க முடியாத அந்தக் கும்பகோணத்து வீட்டுக்கே போவான். பெலிக்ஸ் வாயைத் திறந்தார்.

“ஆமா தம்பி,” என்றார். “உள்ளுக்குள்ள அவன் ரொம்பக் கலகலப்பான ஆளு.”

முகுந்த் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பெலிக்ஸின் சட்டையில் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

மேடையில் அதியன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். முகுந்த் வந்து பக்கத்தில் அமர்ந்து, யாரும் பார்க்காதபோது அவன் காதருகே குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தான். “சரி” என்றான் அதியன். பெலிக்ஸ் மைக்கைக் கையில் வாங்கினார். கூட்டம் அமைதியானது. பிரேமலதா கைகூப்பி நின்றார்.

“ஆயுள், நாற்பத்தொரு வருஷம்,” என்றார் பெலிக்ஸ்.

மண்டபமே கைதட்டியது. முதலில் தட்டத் தொடங்கியது முகுந்த்தான்.